மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அக்கா

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரத் தன்னார்வலர் அக்காமார்களுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தில் முதியவர்களோடு வேலை பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இதைச் சொன்னதும் பாதிப் பேர் "பிசியோவா?" என்பார்கள். பிசியோதெரபிஸ்ட் கை காலுக்கு அசைவும் பலமும் கொண்டுவருவார். அந்தக் கையை வைத்து ஒருவர் குளிக்க, உடுத்த, சாப்பிட, தனக்குப் பிடித்த வேலையைத் தானே செய்ய வழி தேடுவது எங்கள் வேலை. நான் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் என் ஆச்சி. இன்று உங்களிடம் ஒன்று கேட்க வந்திருப்பதும் அவளால்தான். அதனால் முதலில் ஆச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆச்சி பீடி சுற்றியவள். பதினோரு வயதில் மடியில் ஏறிய சுளகை அறுபத்தொன்பது வயது வரை அவள் இறக்கவில்லை. முந்தின இரவே இலையை நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவாள். காலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் இலை வெட்டு. அப்புறம் தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, நகத்தால் முனையை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு. சாயங்காலம் பீடிக்கடையில் கொடுத்து, பாஸ் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு திரும்புவாள். கையில் எங்களுக்கு மிக்சர் பொட்டலம் இருக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. என் அம்மாவைப் பத்தாவது வரை படிக்க வைத்தது அந்த ஆயிரம்தான்.

அவளுடைய நோய் முதலில் தலைகாட்டியதும் பீடிக்கடையில்தான். 2012 இருக்கும். ஒரு கட்டில் இருபத்து மூன்று, இன்னொன்றில் இருபத்தெட்டு என்று வர ஆரம்பித்தது. கடைக் கணக்கப்பிள்ளை கட்டுகளைக் கழித்துப் போட்டார். "ஏமாத்துதான், அம்பது வருசமா சுத்துதேன், எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று ஆச்சி சண்டை போட்டாள். நாங்களும் ஆச்சி பக்கம்தான். கண் மங்கியிருக்கும் என்று புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். கண்ணாடி போட்டும் கணக்கு சரியாகவில்லை. வயதாகிவிட்டது, போதும் என்று வேலையை நிறுத்தச் சொன்னோம்.

அதே காலத்தில் அவளுடைய பிபி மாத்திரை வீடு முழுக்கக் கிடந்தது. அரிசிப் பானையில் ஒன்று. முந்தானை முடிச்சில் இரண்டு. அஞ்சறைப் பெட்டியில் சீரகத்தோடு சீரகமாக நாலைந்து. ஒரு மாதம் அட்டை அப்படியே இருக்கும். இன்னொரு மாதம் முப்பது நாள் மாத்திரை பத்து நாளில் தீர்ந்துபோகும். அம்மா பெருக்கும்போது கண்டெடுத்துச் சத்தம் போடுவாள், அவ்வளவுதான். பீடிக் கட்டையும் மாத்திரையையும் சேர்த்துப் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற மூன்று வருடம் ஆனது.

அதற்குள் ஆச்சி சேலைகளை வெட்ட ஆரம்பித்திருந்தாள். உட்கார்ந்த இடத்தில் கத்தரியை எடுத்து, சேலையோ போர்வையோ, ஒரே அளவில் சின்னச் சின்னச் செவ்வகமாக நறுக்கிப் போடுவாள். என் பள்ளிச் சீருடைப் பாவாடை ஒன்று அப்படிப் போனது. கத்தரியை ஒளித்தால் அரிவாள்மணையைத் தேடுவாள். தெருவில் "கிழவிக்குக் கோட்டி பிடிச்சிட்டு" என்றார்கள். பெரிய மாமா சுடலைக்குக் கிடா நேர்ந்துகொண்டார். ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். "வயசானா இப்படித்தான்" என்று சொல்லித் தூங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மாத்திரை போட்ட நாலாம் நாள் இரவு ஆச்சி குளியலறையில் தடுமாறி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் பிரித்த பிறகு கைக்குப் பயிற்சி கொடுக்க வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 2015. நான் பதினொன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு வேலை இருந்ததால் அன்று துணைக்குப் போனது நான். அங்கே ஒரு இளம் டாக்டர் ஆச்சியிடம் இது என்ன வருடம், என்ன தேதி, நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள் அவள். தலையைக் குனிந்துகொண்டு சேலை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. பரீட்சையில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்த பிள்ளை மாதிரி இருந்தாள் ஆச்சி.

பயிற்சி அறையில் இருந்த அக்கா வேறு மாதிரி ஆரம்பித்தார். ஆச்சியின் விரல்களைத் தடவிப் பார்த்தார். வலது பெருவிரல் நகத்தையும் காய்த்துப்போன நுனியையும் பார்த்துவிட்டு, "ஆச்சி, பீடி சுத்துவீங்களோ? நாளைக்கு எத்தனை?" என்று கேட்டார்.

ஆச்சி நிமிர்ந்தாள். "ஆயிரம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் என் பழைய ஆச்சி முழுசாக வந்து போனாள். அப்புறம் அந்த அக்கா பழைய செய்தித்தாளையும், குழந்தைகள் வைத்திருக்கும் மொட்டைக் கத்தரியையும், ஒரு நூல்கண்டையும் எடுத்துக் கொடுத்தார். ஆச்சி எதுவும் கேட்கவில்லை. வெட்டினாள், சுற்றினாள், கட்டினாள். முறிந்து கூடிய மணிக்கட்டு தானாகத் திரும்பிக் கொடுத்தது. சேலையை ஏன் வெட்டுகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் மூன்று வருடமாக இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள்தான் இலை வாங்கிக் கொடுக்கவில்லை.

"நீங்க டாக்டரா?" என்று கேட்டேன். "இல்லம்மா, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்" என்றார். அந்தப் பெயரை நோட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் சொல்லித்தான் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து, அல்சைமர் என்ற மறதி நோய் என்றார்கள். டொனெபெசில் மாத்திரை ஆரம்பித்தார்கள். இது நோயைக் குணமாக்காது, சிலருக்குக் கொஞ்ச காலம் தடுமாற்றத்தைக் குறைக்கும் என்று அந்த மருத்துவர் ஒளிக்காமல் சொன்னது எங்களுக்கு உதவியாக இருந்தது. எதிர்பார்க்க வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது அல்லவா.

வீட்டில் மாறியது நிறைய. காலண்டர் தாளும் செய்தித்தாளும் இலை ஆயின. தூள் கிடையாது, சும்மா சுற்றல்தான். கட்டில் பத்தொன்பது இருக்கும், முப்பத்தொன்று இருக்கும், யாரும் கழிக்கவில்லை. பெரிய சிக்கல் சாயங்காலம்தான். நாலரை ஆனால் ஆச்சி எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். முன்பெல்லாம் கதவைப் பூட்டுவோம். அவள் கதவைத் தட்டித் தட்டி அழுவாள், எங்களை அடிப்பாள். இந்த நோயில் பொழுது சாயும்போது பதற்றம் கூடுவது நிறையப் பேருக்கு உண்டு. ஆனால் ஆச்சிக்கு அந்த நேரத்துக்கு ஒரு அர்த்தமும் இருந்தது. அது பீடிக்கடைக்குப் போகிற நேரம். பூட்டாதீர்கள், கூடப் போங்கள் என்றார் அந்த அக்கா. ஒரு பையில் கட்டுகளைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நானும் ஆச்சியும் நடப்போம். "கடை பூட்டியிருக்கு ஆச்சி, நாளைக்குக் கொண்டாரச் சொன்னாங்க" என்பேன். "சரி, வா" என்று திரும்பிவிடுவாள். வீட்டில் அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் "1000" என்று எழுதிக் காட்டுவாள். ஆச்சி கைநாட்டு வைப்பாள். பிறகு அமைதியாகச் சாப்பிடுவாள்.

பெற்ற தாயிடம் தினமும் பொய் சொல்கிறோமே என்று அம்மா பல நாள் அழுதிருக்கிறாள். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆச்சி இருந்த காலத்துக்குள் நாங்கள் போனோம். அவள் என்னைத் தன் மதினி என்று நினைத்துக்கொள்வாள். அந்த மதினி நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். நானும் மதினியாகவே பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

2016ல் பிளஸ் டூ முடித்தபோது எங்கள் வீட்டில் இன்ஜினியரிங், இல்லாவிட்டால் நர்சிங் என்றார்கள். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று அந்த அக்கா எழுதித் தந்த நோட்டைக் காட்டினேன். நாலரை வருடப் படிப்பு, வேலை கிடைக்குமா, இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள் என்று மாமா கேட்டதில் தப்பில்லை. அம்மாதான், "எங்கம்மாவ மனுசியா நடத்தினது அந்தப் படிப்பு படிச்ச பிள்ள. இவளும் படிக்கட்டும்" என்றாள்.

கல்லூரியில் படித்தபோது ஆச்சியின் கையைப் பற்றி எனக்கு விளக்கம் கிடைத்தது. இன்று காலை என்ன சாப்பிட்டோம் என்பதைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குகிறது. பல வருடம் செய்து பழகிய கைவேலை மூளையின் வேறு இடங்களில் தங்கியிருக்கிறது. அது பெரும்பாலும் பிந்தித்தான் கரைகிறது. அதைப் படித்த அன்று விடுதியிலிருந்து அம்மாவுக்கு போன் செய்து வாசித்துக் காட்டினேன். ஆச்சி 2019ல் போய்ச் சேர்ந்தாள். நான் மூன்றாம் வருடம்.

அக்கா, இனி உங்களிடம் வருகிறேன்.

உங்கள் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியபோது ஆச்சி இல்லை. அவள் இருந்த காலத்தில் பிபி மாத்திரையோடு எங்கள் வாசலுக்கு வர ஆளே கிடையாது. வந்திருந்தால் மூன்று வருடம் போயிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்களில் பலர் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அதே ஊர்க்காரர்கள். எந்த வீட்டில் யார் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அடுப்படி வரை போக உங்களுக்கு அனுமதி உண்டு. எனக்கோ ஒரு டாக்டருக்கோ அது கிடையாது.

2023ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்கள்) இருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்றது. கிராமத்துக் கிழவி என்றால் இரண்டும் சேர்ந்துவிடுகிறது. தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னோடி மாநிலம்தான். முதியோர் மருத்துவத்தில் மேல்படிப்பை இந்தியாவில் முதலில் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி, 1996ல். கிண்டியில் 200 படுக்கையோடு முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024ல் திறந்தாயிற்று. இரண்டும் நமக்குப் பெருமை. ஆனால் முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ இருக்கும் ஒரு ஆச்சிக்குக் கிண்டி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அவளுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற மருத்துவம் உங்கள் தோள்பை.

நான் கேட்பது இதுதான். மாத்திரை கொடுக்கும்போது பழைய அட்டையைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்கள். மீதி எத்தனை இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது? கூடவோ குறையவோ இருந்தால் முதியவரைத் திட்ட வேண்டாம். வீட்டில் இருக்கும் மகளிடமோ மருமகளிடமோ தனியாக ஒன்று கேளுங்கள்: "முன்ன நல்லாச் செஞ்ச வேலை எதுலயாவது இப்பத் தடுமாறுதாங்களா?" எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு இதைவிட நல்ல கேள்வி இல்லை. பூக்கட்டுகிறவர் என்றால் சரம் கோணும். சமைக்கிறவர் என்றால் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும், அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். ரேஷன் கடைக்குப் போனவர் வழி தெரியாமல் நிற்பார். கடன் கணக்கு, வட்டிக் கணக்கு மனப்பாடமாக வைத்திருந்தவர் கொடுத்தவருக்கே மறுபடி கொடுப்பார்.

இது நானாகச் சொல்வதும் இல்லை. 10/66 என்று ஒரு ஆராய்ச்சிக் குழு உண்டு. டிமென்ஷியா உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம் பேர், வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் அந்தப் பெயர். சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் அவர்கள் தமிழில் ஆய்வு செய்திருக்கிறார்கள். படிக்காதவர்களிடம் பரிசோதனைக் கேள்வி மட்டும் கேட்டால் தப்பாகப் போய்விடும் என்பதால், வீட்டில் கூட இருப்பவரிடமும் கேட்பதை அவர்கள் முறையாகவே வைத்திருந்தார்கள். என் ஆச்சியிடம் நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னதற்குப் பதில் எங்கள் அம்மாவிடம் பீடிக் கட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் போதும்.

நோய் இதுதான் என்று நீங்கள் முடிவு சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் கூடாது. சந்தேகம் என்றால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்புங்கள், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போகட்டும். ஏனென்றால் மறதி எல்லாமே அல்சைமர் இல்லை. பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, மன அழுத்தம் எல்லாம் இதே மாதிரி தெரியும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. காது கேட்காததைப் புத்தி கெட்டது என்று நினைக்கிற வீடுகளை நான் மாதம் ஒன்றாவது பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால், ஆளைத் தெரியவில்லை என்றால், பகல் முழுக்க மயங்கிக் கிடந்தால், அது மெல்ல வருகிற மறதி நோய் இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், உப்புச் சத்து குறைந்திருக்கலாம், தண்ணீர் இல்லாமல் வாடியிருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும், 108ஐக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கும் இது பொருந்தும். "அவுகளுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று விட்டுவிட்டதால் போன உயிர்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா தெரியவில்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024ல் சொன்னது: மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால், உலகத்தில் டிமென்ஷியாவில் நூறில் 45 வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். அந்தப் பதினான்கில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கின்றன. கேட்கும் திறன், பார்வை, தனிமை, புகை, சின்ன வயதில் கிடைக்காத படிப்பு எல்லாம் இருக்கின்றன. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நீங்கள் பிபி பார்த்து மாத்திரை கொடுக்கிறீர்களே, அவளுடைய எழுபதாவது வயதின் ஞாபகத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள்.

இந்த மடல் துறை அதிகாரிகள் கண்ணில் பட்டால், அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. இதை இன்னொரு பதிவேடாக ஆக்கி இந்தப் பெண்கள் தலையில் ஏற்றிவிடாதீர்கள். அவர்கள் வாங்குகிற ஊக்கத்தொகைக்கு இப்போது செய்வதே அதிகம். அரை நாள் பயிற்சி கொடுங்கள், சந்தேகப்பட்டால் யாரிடம் அனுப்புவது என்று ஒரு ஆளையும் ஒரு கிழமையையும் சொல்லுங்கள். அனுப்பிய இடத்தில் "வயசானா இப்படித்தான்" என்று திருப்பி அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டாரத்துக்கு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருந்தால் எவ்வளவோ வீட்டில் கதவைப் பூட்ட வேண்டியிருக்காது. படித்துவிட்டு வேலை தேடி வெளிநாடு போகிற என் தோழிகள் பாதிப் பேர் இங்கே இருக்கத்தான் விரும்பினார்கள்.

அக்கா, இன்னொன்று. கூட இருந்து பார்க்கிறவளுக்கும் பிபி பாருங்கள். ஆச்சி இறந்து ஒரு மாதம் கழித்துத்தான் எங்கள் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறியிருந்தது என்று தெரிந்தது. நாலு வருடம் அவள் ஒரு இரவு முழுசாகத் தூங்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதியோர் உதவி எண் 14567ஐ அந்த வீட்டுச் சுவரில் எழுதிக் கொடுங்கள். ஒரு மணி நேரம் நான் ஆச்சியோடு இருக்கிறேன், நீ கோயிலுக்குப் போய் வா என்று சொல்ல ஒரு அண்டை வீட்டுக்காரியை நீங்கள் பிடித்துக் கொடுத்தால், நான் எழுதிக் கொடுக்கும் எந்தப் பயிற்சியையும்விட அது பெரிது.

அம்மாவின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் கைநாட்டு இல்லை, ஆச்சியால் அப்போது கையைத் தூக்க முடியாது. ஆனாலும் அம்மா "1000" என்று எழுதி, தேதியும் போட்டிருக்கிறாள். உங்களுக்குப் பயிற்சிக் கூட்டம் எங்கேயாவது நடந்தால் சொல்லி அனுப்புங்கள். அந்த நோட்டையும் மொட்டைக் கத்தரியையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பீடி சுற்றிய ஒரு ஆச்சியின் பேத்தி,
திருநெல்வேலி மாவட்டம்.